ரோமில் குடும்பத்தோடு ஒரு நாள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐரோப்பியப் பயணத்தில் ரோமுக்கு ஒரே ஒரு நாள்தான் ஒதுக்க முடிகிறது, கூடவே ஆறேழு வயதுக் குழந்தையும் வயதான அம்மா அப்பாவும் வருகிறார்கள், எதைப் பார்ப்பது எதை விடுவது என்று நண்பர்களும் உறவினர்களும் என்னிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அப்படி வந்த கேள்விகளையும் அவற்றுக்கு நான் சொல்லும் பதில்களையும் இங்கே சேர்த்திருக்கிறேன். ரோம் எனக்கு மிகவும் பிடித்த ஊர். அங்கே போகும் குடும்பம் களைத்துப்போய், ஒருவரோடொருவர் சண்டை போட்டுக்கொண்டு திரும்பக் கூடாது என்பதே என் அக்கறை. கட்டணங்கள் அவ்வப்போது மாறும் என்பதால், கிளம்பும் முன் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரே நாளில் ரோம் முழுவதையும் பார்த்துவிட முடியுமா?

முடியாது. முயற்சியும் செய்யாதீர்கள். காலையில் கொலோசியம், மதியம் வாட்டிகன் அருங்காட்சியகம், மாலையில் ட்ரெவி நீரூற்று என்று பட்டியல் போட்டுத் தருபவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். தனியாகப் போகும் இளைஞர்களுக்கு அது சரிவரலாம். குழந்தையும் பெரியவர்களும் இருந்தால் சரிவராது. கொலோசியத்துக்கும் வாட்டிகன் அருங்காட்சியகத்துக்கும் நேரம் குறித்த டிக்கெட் வாங்க வேண்டும். முதல் இடத்தில் கொஞ்சம் தாமதமானாலும் அடுத்த இடத்துக்கு ஓட வேண்டியிருக்கும். வாட்டிகன் அருங்காட்சியகத்தின் கூடங்களை முழுக்க நடந்தால் ஏழு கிலோமீட்டர் வரும் என்கிறார்கள். ஏற்கெனவே காலை முழுக்க வெயிலில் நடந்த குழந்தைக்கு அது தண்டனை.

ஒரு நாள் என்றால் பழைய ரோமைத் தேர்ந்தெடுங்கள், அல்லது வாட்டிகனைத் தேர்ந்தெடுங்கள். குழந்தைகள் இருக்கும் குடும்பத்துக்கு என் ஓட்டு பழைய ரோமுக்குத்தான். அது திறந்த வெளி. சத்தமாகப் பேசலாம், ஓடலாம், கேள்வி கேட்கலாம்.

வாட்டிகனை விட்டுவிட்டு வந்தால் வீட்டுப் பெரியவர்கள் வருத்தப்படுவார்களே?

உண்மைதான். கத்தோலிக்கக் குடும்பம் என்றால் புனித பேதுரு பேராலயத்தைப் பார்க்காமல் ரோமை விட்டுக் கிளம்ப மனம் வராது. அப்படியானால் அந்த ஒரு நாளின் திட்டத்தையே மாற்றிப் போடுங்கள். பேராலயத்துக்குள் போக டிக்கெட் கிடையாது, பாதுகாப்புச் சோதனைக்கான வரிசை மட்டும்தான். அதிகாலையில் திறக்கிற நேரத்துக்குப் போய்விட்டால் வரிசை சின்னதாக இருக்கும், உள்ளேயும் அமைதியாக நிற்க முடியும். நுழைந்ததும் வலப்பக்கத்தில், கண்ணாடிக்குப் பின்னால், மகனை மடியில் கிடத்தியிருக்கும் மரியாளின் சிலை. மிக்கேலாஞ்சலோ அதைச் செய்து முடித்தபோது அவருக்கு வயது இருபத்து நான்குதான். தோளும் முழங்காலும் மூடிய உடை அவசியம். சேலை, சுடிதார், வேட்டி எல்லாம் பிரச்சினையில்லை, அரைக்கால் சட்டை போட்ட அப்பாக்களைத்தான் வாசலில் நிறுத்துவார்கள்.

கோபுரத்தின் உச்சிக்கு 551 படிகள். பாதி தூரம் லிஃப்ட் உண்டு, ஆனால் அதற்குப் பிறகும் 320 படிகள் ஏற வேண்டும். கடைசிப் பகுதியில் சுவர் சாய்ந்து, பாதை குறுகிவிடும். மூட்டுவலி உள்ளவர்களும் மூச்சிரைப்பு உள்ளவர்களும் கீழேயே இருந்துவிடுவது நல்லது.

அருங்காட்சியகத்தையும் சிஸ்டைன் சிற்றாலயத்தையும் அன்றைக்கு விட்டுவிடுங்கள். பேராலயத்தை முடித்துவிட்டு மதியம் ஓய்வெடுத்து, மாலையில் பழைய ரோமானியக் கோயிலான பாந்தியன், நவோனா சதுக்கம், ட்ரெவி நீரூற்று என்று நடந்தால் அது நிறைவான நாள். கொலோசியத்தை இரவு விளக்கொளியில் வெளியிலிருந்து பார்த்துக்கொள்ளலாம்.

சரி, பழைய ரோம்தான் என்று முடிவு செய்துவிட்டோம். அந்த ஒரு நாளை எப்படி அமைப்பது?

காலை எட்டரை மணிக்குக் கொலோசியம் திறக்கும், அந்த முதல் நேரத்துக்கே டிக்கெட் எடுங்கள். பத்து மணி வாக்கில் வெளியே வந்து பக்கத்திலேயே இருக்கும், பழைய ரோமின் நகர மையமாக இருந்த ரோமன் ஃபோரத்துக்குள் போய், பதினொன்றரைக்குள் அங்கிருந்து கிளம்பிவிட வேண்டும். பிறகு சாப்பாடு. சாப்பாட்டுக்குப் பின் நாலு மணி வரை எதுவும் வேண்டாம். அறைக்குப் போய்த் தூங்கலாம், அல்லது ஒரு பூங்காவில் மரத்தடியில் உட்காரலாம். மாலையில் லார்கோ அர்ஜென்டினா சதுக்கம், பாந்தியன், பியாட்சா நவோனா (நவோனா சதுக்கம்), கடைசியாக ட்ரெவி. இந்த மாலை இடங்கள் எல்லாம் ஒன்றுக்கொன்று பத்து, பதினைந்து நிமிட நடைக்குள் இருப்பவை.

மதிய இடைவெளியைத்தான் எல்லோரும் முதலில் வெட்டுகிறார்கள். தயவுசெய்து வெட்டாதீர்கள். கோடையில் ரோமில் இரவு எட்டரை மணிக்கு மேல்தான் இருட்டும், அதனால் மூன்று மணி நேரம் ஓய்வெடுத்தாலும் உங்களுக்கு முழு மாலைப்பொழுது மிச்சமிருக்கும். நம் ஊர் வெயிலில் பன்னிரண்டு மணிக்குக் கோயில் பிரகாரத்தில் யாரும் சுற்றமாட்டோம். அதே புத்தியை அங்கேயும் வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

டிக்கெட் எங்கே, எப்போது வாங்குவது? குழந்தைகளுக்குக் கட்டணம் உண்டா?

கொலோசியத்தின் அதிகாரப்பூர்வ இணையதளத்தில் வாங்குங்கள். ஏறத்தாழ ஒரு மாதம் முன்னால் டிக்கெட் திறக்கும். பெரியவர்களுக்குச் சாதாரண டிக்கெட் 18 யூரோ. அதிலேயே ஃபோரமும் பாலடைன் குன்றும் அடக்கம், 24 மணி நேரம் செல்லும். பதினெட்டு வயதுக்குக் கீழே எந்த நாட்டுக் குழந்தையானாலும் இலவசம். ஆனால் இலவசம் என்பதால் டிக்கெட்டே வேண்டாம் என்று அர்த்தமில்லை. குழந்தைக்கும் பூஜ்ய யூரோ டிக்கெட் ஒன்றைச் சேர்த்தே பதிவு செய்ய வேண்டும். பலர் இதைக் கவனிக்காமல் வாசலில் தவிக்கிறார்கள்.

டிக்கெட்டில் ஒவ்வொருவரின் பெயரும் இருக்கும், அதை அடையாள அட்டையோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயரைக் கொடுங்கள். நமக்குத்தான் முதலெழுத்து, தந்தை பெயர், குடும்பப் பெயர் என்று குழப்பம் வரும். பாஸ்போர்ட்டைப் பார்த்துத் தட்டச்சு செய்தால் பிரச்சினை தீர்ந்தது.

கொலோசியத்தின் நிலவறையையும், சண்டை நடந்த களத்தரையையும் பார்க்கத் தனி டிக்கெட். நிலவறை டிக்கெட் திறந்த வேகத்தில் தீர்ந்துவிடும். கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டால் கவலைப்படாதீர்கள். மேல் தளத்திலிருந்து பார்த்தாலே நிலவறையின் சுவர்களும் இடைவழிகளும் தெளிவாகத் தெரியும்.

பாந்தியனுக்கு 2023 ஜூலையிலிருந்து கட்டணம் வாங்குகிறார்கள், ஆரம்பத்தில் அது 5 யூரோ. அங்கேயும் பதினெட்டு வயதுக்குக் கீழே இலவசம்.

கொலோசியத்தைப் பற்றிக் குழந்தைகளிடம் என்ன சொல்வது? மனிதர்கள் செத்துப்போன இடம் ஆயிற்றே?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. மறைக்க வேண்டாம் என்பேன், ஆனால் அதிலிருந்து ஆரம்பிக்கவும் வேண்டாம்.

முதலில் கட்டடத்தில் ஆரம்பியுங்கள். பேரரசர் வெஸ்பாசியன் கி.பி. 72 வாக்கில் தொடங்கினார், அவருடைய மகன் டைட்டஸ் கி.பி. 80இல் திறந்துவைத்தார். ஐம்பதாயிரம் பேர் உட்காரக்கூடிய இடம். தரைத்தளத்தில் 80 வளைவு வாசல்கள், அவற்றில் நான்கு தவிர மற்ற எல்லாவற்றுக்கும் எண் உண்டு. டிக்கெட்டாகக் கொடுத்த சில்லில் எந்த எண்ணோ அந்த வாசலில் நுழைய வேண்டும். இன்றைக்கும் வெளிச்சுவர் மிஞ்சியிருக்கும் பக்கத்தில் 23 முதல் 54 வரையான எண்கள் ரோமன் எழுத்தில் வளைவுகளுக்கு மேலே தெரிகின்றன. பள்ளியில் ரோமன் எண் படித்த குழந்தையிடம் முப்பத்தொன்றாம் வாசலைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். வரிசையில் நிற்கும் நேரம் போவதே தெரியாது.

சுவர் முழுக்க ஓட்டை ஓட்டையாக இருப்பது ஏன் என்று அடுத்துக் கேட்பார்கள். கல்லோடு கல்லைப் பிணைக்க இரும்புப் பற்றுகளை வைத்திருந்தார்கள். பிற்காலத்தில் அந்த இரும்புக்காகக் கல்லைக் குடைந்து எடுத்துவிட்டார்கள். ஒரு பக்கம் மட்டும் வெளிச்சுவர் இல்லாமல் குட்டையாக இருப்பதற்குப் பெரிய காரணம் 1349ஆம் ஆண்டு நிலநடுக்கம். விழுந்த கல்லை அள்ளிக்கொண்டு போய் ஊருக்குள் அரண்மனைகளும் தேவாலயங்களும் கட்டினார்கள்.

அப்புறம் களத்துக்கு வாருங்கள். சண்டையிட்டவர்களில் பெரும்பாலோர் அடிமைகள், போர்க் கைதிகள். காட்டு விலங்குகளை நிலவறையிலிருந்து, ஆட்கள் கையால் சுழற்றும் உருளைகளில் கயிறு கட்டி, கூண்டோடு மேலே தூக்கினார்கள். பார்த்தவர்கள் கைதட்டினார்கள். இதை எட்டு வயதுக் குழந்தை தாங்கிக்கொள்ளும், 'ஏன் யாரும் நிறுத்தச் சொல்லவில்லை' என்றும் கேட்கும். கேட்கட்டும். அப்போது இதையும் சொல்லுங்கள்: கால் நூற்றாண்டாக, உலகில் எங்காவது ஒரு நாடு மரண தண்டனையை ஒழித்தால் கொலோசியத்தைப் பொன்னிற விளக்கால் ஒளியூட்டும் வழக்கம் இருக்கிறது. அதே ஊர், அதே கட்டடம். குழந்தைகளுக்கு வரலாறு நம்பிக்கை தருகிற விஷயமாக மாறுவது இப்படியான இடங்களில்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ரோமன் ஃபோரம் வெறும் இடிந்த கல்தானே? பிள்ளைகளுக்குச் சலிப்பு வராதா?

எல்லாக் கல்லையும் விளக்கினால் கட்டாயம் வரும். மூன்று இடங்கள் போதும். டைட்டஸ் வளைவின் உட்பக்கம், ஜெருசலேம் கோயிலிலிருந்து ஏழு கிளை விளக்கைத் தூக்கிக்கொண்டு வரும் வீரர்கள் செதுக்கப்பட்டிருக்கிறார்கள். இரண்டாவது, ஜூலியஸ் சீசரின் உடலை எரித்த இடம். சின்னக் கூரைக்குக் கீழே ஒரு மண்மேடு, அவ்வளவுதான். இரண்டாயிரம் ஆண்டுக்குப் பிறகும் யாராவது அதில் பூ வைத்துவிட்டுப் போகிறார்கள். மூன்றாவது, கால் வைத்து நடக்கும் பாதையே. பெரிய கருங்கற்கள் பாவிய அந்தப் புனிதப் பாதையில்தான் வெற்றி ஊர்வலங்கள் போயின.

ஃபோரத்தில் நிழல் குறைவு. வெயில் ஏறிவிட்டால் பாலடைன் குன்றின் மேல் மரங்கள் இருக்கின்றன. ஏற முடியாதவர்கள் சிரமப்பட வேண்டாம். காம்பிடோலியோ சதுக்கத்துக்குப் பின்னால் போய் நின்றால் முழு ஃபோரமும் கண்முன் விரியும், டிக்கெட்டும் வேண்டாம், எந்த நேரமும் பார்க்கலாம்.

ரோமில் தமிழகத்தோடு தொடர்புள்ளது என்று எதையாவது காட்ட முடியுமா?

முடியும். மிளகு.

ஃபோரத்தின் ஓரத்தில், மாக்சென்டியஸ் பசிலிக்கா என்று மூன்று பிரம்மாண்ட வளைவுகள் நிற்கும். அதற்கு அடியில்தான் பேரரசர் டொமிஷியன் கட்டிய மிளகுக் கிடங்கின் எச்சங்கள் இருக்கின்றன. கிழக்கிலிருந்து வந்த வாசனைப் பொருட்களை அங்கே சேமித்தார்கள். அந்த மிளகு வந்தது சேரநாட்டுக் கடற்கரையிலிருந்து. யவனர்களின் மரக்கலங்கள் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பியதை, முசிறித் துறையைப் பாடும் அகநானூற்றுப் பாடல் சொல்கிறது. அந்தக் கப்பல்கள் கொண்டுபோன சரக்கு போய்ச் சேர்ந்த ஊரில், அந்தச் சரக்கை வைத்த கட்டடத்துக்கு மேலே நீங்கள் நிற்கிறீர்கள். கோவை, கரூர்ப் பகுதிகளில் ரோமானியக் காசுகள் கிடைத்ததும் இந்த வணிகத்தால்தான். ஆண்டுக்கு ஐந்து கோடி செஸ்டெர்ஸ் பணத்தை இந்தியா இழுத்துக்கொள்கிறது என்று முதல் நூற்றாண்டில் பிளினி என்ற அறிஞர் குறைபட்டு எழுதியிருக்கிறார்.

பிள்ளைகளுக்கு இன்னொரு கதை. கி.பி. 408இல் கோத் இனத் தலைவன் அலாரிக் ரோமை முற்றுகையிட்டபோது, விலகிப் போக அவன் கேட்ட பொருட்களில் ஐயாயிரம் பவுண்டு தங்கத்தோடு மூவாயிரம் பவுண்டு மிளகும் இருந்தது. வீட்டு அஞ்சறைப் பெட்டியில் கிடக்கும் மிளகுக்காக ஒரு நகரம் பேரம் பேசியது என்றால் எந்தக் குழந்தையும் நிமிர்ந்து பார்க்கும். அம்மா அப்பாவுக்கும் இந்த இடம் பிடிக்கும். வெளிநாட்டு ராஜா கதையாக இருந்தது திடீரென்று சொந்தக்கதை ஆகிவிடுகிறது.

அம்மா அப்பாவுக்கு மூட்டுவலி. கைக்குழந்தையும் இருக்கிறது. நடக்க முடியுமா?

நடக்கலாம், ஆனால் தரையை மனதில் வைத்துத் திட்டமிடுங்கள். ரோமின் பழைய தெருக்கள் சின்னச் சின்னக் கருங்கற்களால் பாவியவை. கற்களுக்கு நடுவே இடைவெளி, மேடு பள்ளம். குழந்தை வண்டியின் சின்னச் சக்கரம் சிக்கிக்கொள்ளும், குழந்தை தூங்கவும் தூங்காது. உடம்போடு கட்டிக்கொள்ளும் பை இருந்தால் அதை எடுத்துப் போங்கள். பெரியவர்களுக்குப் புதுச் செருப்பு வேண்டாம், ஏற்கெனவே பழகிய, அடிப்பகுதி தடித்த ஷூ போதும்.

கொலோசியத்தில் மேல் தளத்துக்கு லிஃப்ட் இருக்கிறது, கேட்டால் விடுவார்கள். அங்கே படிகள் உயரமும் செங்குத்துமாக இருக்கும், கௌரவம் பார்க்காமல் கேட்டுவிடுங்கள். ஃபோரத்துக்குள் வர முடியாத பெரியவர்களை, பேரன் பேத்தியை விட்டுத் தனியே உட்காரவைப்பதைவிட, குடும்பம் இரண்டாகப் பிரிந்து ஒருவர் அவர்களோடு காம்பிடோலியோ பக்கம் டாக்சியில் வந்துவிடுவது நல்லது. ரோமின் அரசு அனுமதி பெற்ற டாக்சிகள் வெள்ளை நிறம், மேலே பலகை, உள்ளே மீட்டர் இருக்கும். ரயில் நிலையத்தில் வந்து 'டாக்சி, டாக்சி' என்று அழைப்பவர்களோடு போகாதீர்கள்.

ஸ்பானியப் படிக்கட்டில் உட்கார்ந்து களைப்பாறலாம் என்று நினைக்காதீர்கள். 2019 முதல் அங்கே உட்காருவதற்குத் தடை, அபராதமும் உண்டு.

குடிதண்ணீர் விலைக்கு வாங்க வேண்டுமா?

வேண்டாம். இந்த நகரத்தை நான் நேசிப்பதற்கு இது ஒரு பெரிய காரணம். தெருவுக்குத் தெரு இரும்புக் குழாய்த் தூண் ஒன்று நிற்கும், வளைந்த மூக்கிலிருந்து குளிர்ந்த நீர் இடைவிடாமல் விழுந்துகொண்டே இருக்கும். நாசோனே என்பார்கள். 1870களில் வைக்க ஆரம்பித்தார்கள், இன்று நகரத்தில் சுமார் 2,500 இருக்கின்றன. ஏழை, பணக்காரன், ஊர்க்காரன், வெளியூர்க்காரன் எல்லோருக்கும் நல்ல குடிநீர், காசில்லாமல். ஆளுக்கொரு பாட்டில் எடுத்துப் போய் நிரப்பிக்கொள்ளுங்கள். கண்ணாடி பாட்டிலைக் கொலோசியத்துக்குள் விடமாட்டார்கள், அது மட்டும் வேண்டாம்.

குழாயின் வாயை விரலால் அடைத்தால் மேலே இருக்கும் சிறு துளை வழியாக நீர் வில்லாக எழும்பும். பாட்டில் இல்லாமல் குடிக்க இதுதான் வழி. குழந்தைகளுக்கு இதை ஒருமுறை காட்டிவிட்டால் அன்று முழுக்க தாகம் எடுத்துக்கொண்டே இருக்கும்.

நாங்கள் சைவம். சாப்பாட்டுக்கு என்ன செய்வது?

ரோம் சைவக்காரர்களுக்குச் சிரமமான ஊரே இல்லை. தெருவோரப் பீட்சா கடைகளில் பெரிய தட்டில் சுட்டு, கேட்ட அளவுக்கு வெட்டி, எடை போட்டுத் தருவார்கள். உருளைக்கிழங்கு, சுரைப்பூ, கத்தரி, தக்காளி என்று வகைவகையாக இருக்கும். ஆனால் சுரைப்பூவோடு நெத்திலி சேர்ப்பது அங்கே வழக்கம், கேட்டுவிட்டு வாங்குங்கள். 'சென்சா கார்னே, சென்சா பெஷ்ஷே' என்றால் இறைச்சி வேண்டாம், மீன் வேண்டாம். இந்த நான்கு சொல் போதும். சுப்ளி என்ற சோற்று உருண்டை பார்க்கச் சைவம்போல இருக்கும், வழக்கமாக அதில் இறைச்சிச் சாறு உண்டு.

காச்சியோ எ பேப்பே என்பது ரோமின் சொந்தப் பாஸ்தா: பாலாடைக்கட்டியும் மிளகும் மட்டும். மிளகுக் கிடங்கைப் பார்த்துவிட்டு வந்து மதியம் இதைச் சாப்பிடுவது எனக்கு மிகவும் பிடித்த பொருத்தம். காரம் நம் நாக்குக்குப் போதும். ஒன்றை மட்டும் கண்டிப்பான சைவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்: இதில் சேரும் பெக்கோரினோ ரோமானோ, அப்புறம் பார்மிஜானோ, இரண்டிலும் பால் திரிக்க விலங்கின் வயிற்றிலிருந்து எடுத்த உறைபொருளைச் சேர்க்கிறார்கள். அது வேண்டாம் என்பவர்களுக்கு மரினாரா பீட்சா இருக்கிறது. தக்காளி, பூண்டு, எண்ணெய், ஓரிகானோ, பாலாடைக்கட்டியே கிடையாது.

அப்பாவுக்குச் சோறு இல்லாமல் முடியாது என்றால் டெர்மினி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் எஸ்குவிலினோ பகுதிக்குப் போங்கள். இந்திய, வங்காளதேச உணவகங்களும் மளிகைக் கடைகளும் அங்கே நிறைய.

உணவகங்கள் மதியம் பன்னிரண்டரையிலிருந்து இரண்டரை, மூன்று வரை. இரவு ஏழு, ஏழரைக்கு மேல்தான். நடுவில் அடுப்பு அணைந்திருக்கும். குழந்தைக்கு ஐந்து மணிக்குப் பசிக்கும் என்றால் கையில் ஏதாவது வைத்துக்கொள்ளுங்கள், அல்லது அதுதான் ஜெலாட்டோ என்ற இத்தாலிய ஐஸ்கிரீமுக்கான நேரம். பிஸ்தா ஜெலாட்டோ பளீர்ப் பச்சையாக இல்லாமல் மங்கிய பச்சையாக இருக்கும் கடையைத் தேர்ந்தெடுங்கள். காபியை நின்றுகொண்டே குடித்தால் ஒரு விலை, மேசையில் உட்கார்ந்தால் வேறு விலை.

மதிய இடைவெளியில் அறைக்குப் போக முடியாது, அன்றிரவே ரயில். என்ன செய்வது?

போர்கேசே பூங்காவுக்குப் போங்கள். பெரிய மரங்கள், புல்வெளி, சின்ன ஏரியில் துடுப்புப் படகு, குடும்பமாக மிதித்து ஓட்டும் வண்டி வாடகைக்கு. பெரியவர்கள் பெஞ்சில் கண்ணயரலாம். ஓரத்தில் பிஞ்சோ மாடத்திலிருந்து நகரத்தின் கூரைகளும் புனித பேதுரு கோபுரமும் தெரியும். பெட்டிகளை டெர்மினியில் வைப்பறையில் போட்டுவிட்டு வாருங்கள்.

மாலை நடையில் எதைக் கவனித்துப் பார்ப்பது?

லார்கோ அர்ஜென்டினாவில் பூனைகளை. நான்கு பழைய கோயில்களின் இடிபாடு தெருமட்டத்துக்குக் கீழே இருக்கிறது. அதை ஒட்டிய மண்டபத்தில்தான் கி.மு. 44 மார்ச் 15 அன்று சீசரைக் குத்திக் கொன்றார்கள். இப்போது அந்த இடத்தில் தெருப்பூனைகளுக்குக் காப்பகம் நடக்கிறது. தூண்களின் மேல் பூனைகள் வெயில் காயும்.

பாந்தியன் ஏழு மணிக்கு மூடிவிடும், ஆகவே அதை ஆறு மணிக்குள் வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே போனதும் எல்லோரும் மேலே பார்ப்பார்கள். குவிமாடத்தின் விட்டமும் தரையிலிருந்து உச்சி வரையான உயரமும் ஒரே அளவு, 43.3 மீட்டர். இரும்புக் கம்பி எதுவும் இல்லாத கான்கிரீட். ஏறக்குறைய 1,900 ஆண்டுகளாக நிற்கிறது. மேலே போகப் போக இலேசான எரிமலைக் கல்லைக் கலந்து எடையைக் குறைத்திருக்கிறார்கள். நடுவில் திறந்த வட்டம். மழை பெய்தால் உள்ளே பெய்யும், தரையில் நீர் வடியச் சிறு துளைகள் உண்டு. மழை நாளில் போக நேர்ந்தால் வருத்தப்படாமல் போங்கள். வெளியே நெற்றியில் அக்ரிப்பா என்பவர் கட்டியதாக எழுதியிருக்கும், ஆனால் இப்போது நிற்பது பேரரசர் ஹேட்ரியன் காலத்துக் கட்டடம். முன்னோடி கட்டியது அழிந்த பிறகு புதிதாகக் கட்டியவர், தன் பெயரைப் போடாமல் பழைய பெயரையே போட்டார்.

பியாட்சா நவோனாவின் நீள்வட்டம் டொமிஷியனின் ஓட்டப்பந்தயத் திடலின் வடிவம். நடுவில் சிற்பி பெர்னினி வடிவமைத்து 1651இல் முடிந்த நான்கு நதிகள் நீரூற்று. நைல், டான்யூப், லா பிளாட்டா ஆகியவற்றோடு நான்காவது நம் கங்கை. கையில் நீண்ட துடுப்போடு இருப்பவரைத் தேடச் சொல்லுங்கள். நைலின் முகத்தைத் துணி மூடியிருக்கும். அந்த நதி எங்கே பிறக்கிறது என்று அன்று யாருக்கும் தெரியாது.

ட்ரெவியைக் கடைசியாக வையுங்கள். 1762இல் முடிந்த இந்த நீரூற்றுக்கு வரும் கால்வாயை கி.மு. 19இல் அமைத்தவர், பாந்தியன் நெற்றியில் பெயர் பார்த்தோமே, அதே அக்ரிப்பாதான். கூட்டம் எப்போதும் இருக்கும். நீர்த்தொட்டிக்கு அருகில் இறங்குபவர்களின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்துகிறார்கள். மேலே சதுக்கத்தில் நின்று பார்ப்பது இலவசம். வலக்கையால் இடத்தோளுக்கு மேலாகக் காசு போடுவது வழக்கம். அந்தக் காசு ஏழைகளுக்கு உதவும் காரித்தாஸ் தொண்டு நிறுவனத்துக்குப் போகிறது, அதனால் குழந்தை இரண்டு காசு கேட்டாலும் கொடுங்கள்.

மெட்ரோ, பேருந்து பயன்படுத்தலாமா?

கொலோசியத்துக்கு மெட்ரோ பி வழித்தடம் நேராக வாசலிலேயே இறக்கிவிடும். பாந்தியன், நவோனா பக்கம் மெட்ரோ கிடையாது, நடைதான். ஒரு டிக்கெட் 1.50 யூரோ, நூறு நிமிடம் செல்லும், பத்து வயதுக்குக் கீழே பெரியவர்களோடு வந்தால் இலவசம். பேருந்தில் ஏறியதும் அங்கிருக்கும் இயந்திரத்தில் டிக்கெட்டைப் பதிவு செய்ய மறக்காதீர்கள்.

திருட்டு பயம் எவ்வளவு?

பிக்பாக்கெட் உண்டு, குறிப்பாக டெர்மினி, மெட்ரோ ஏ வழித்தடம், வாட்டிகன் போகும் 64ஆம் எண் பேருந்து, ட்ரெவி கூட்டம். வன்முறை அரிது. பாஸ்போர்ட்டையும் பணத்தையும் உடைக்குள் ஒட்டிய பையில் வையுங்கள், கைப்பேசியைப் பின்பக்கப் பையில் வைக்காதீர்கள். கையில் ரோஜாவோ நூலோ திணிப்பவர்களிடம் வாங்காமல் நடந்துவிடுங்கள். போர்வீரர் வேடத்தில் நிற்பவர்கள் படம் எடுத்ததும் காசு கேட்பார்கள், குழந்தைகளுக்கு முன்பே சொல்லிவையுங்கள்.

கழிப்பறை?

டிக்கெட் வாங்கிப் போகும் இடங்களில் உண்டு, கொலோசியத்தை விட்டு வெளியே வரும் முன் எல்லோரும் போய்விடுங்கள். மற்ற நேரத்தில் ஒரு காபி வாங்கிவிட்டுக் கடையில் கேட்பதுதான் வழி.

எந்த மாதம் நல்லது?

ஏப்ரல், மே, அக்டோபர். பள்ளி விடுமுறையால் ஜூலை, ஆகஸ்டில்தான் முடியும் என்றால் 35 டிகிரிக்கு மேல் வெயிலுக்குத் தயாராகப் போங்கள், தொப்பி கட்டாயம். ஆகஸ்ட் 15ஐ ஒட்டி உள்ளூர்க் கடைகள் பல மூடிவிடும். டிசம்பர், ஜனவரியில் கூட்டம் குறைவு, ஆனால் ஐந்து மணி வாக்கிலேயே இருட்டத் தொடங்கிவிடும். மதிய ஓய்வைச் சுருக்கிக்கொள்ளலாம்.

எங்களுக்குக் கிடைப்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். பரவாயில்லையா?

நல்லதுதான். ஞாயிறுகளில் கொலோசியத்துக்கும் வெனேசியா சதுக்கத்துக்கும் இடையே உள்ள அகன்ற சாலையில் வண்டிகளை நிறுத்திவிட்டு, நடப்பவர்களுக்கு விட்டுவிடுவார்கள். பிள்ளைகள் பயமில்லாமல் ஓடலாம். தேவாலயங்களில் காலைப் பூசை நேரத்தில் சுற்றிப் பார்க்க விடமாட்டார்கள். வாட்டிகன் அருங்காட்சியகம் மாதத்தின் கடைசி ஞாயிறு தவிர மற்ற ஞாயிறுகளில் மூடியிருக்கும்.

மாதத்தின் முதல் ஞாயிறு என்றால் மட்டும் யோசியுங்கள். அன்றைக்குக் கொலோசியம் எல்லோருக்கும் இலவசம், முன்பதிவு கிடையாது. 18 யூரோ மிச்சம் என்று சந்தோஷப்படுவதற்குள் வரிசை வெயிலில் நீண்டுவிடும். அப்படியொரு ஞாயிறு அமைந்தால் கொலோசியத்தை வெளியே சுற்றி நடந்து, வாசல் எண்களைத் தேடிப் பார்த்துவிட்டு, காம்பிடோலியோவுக்குப் போய் மேலிருந்து ஃபோரத்தைப் பாருங்கள். மிளகுக் கிடங்கு இருக்கும் பசிலிக்காவின் மூன்று வளைவுகளையும் அந்த அகன்ற சாலையில் நடந்துபோகும்போதே பார்த்துவிடலாம்.